வாக்குத்தத்த அட்டை: படத்தை விடுங்கள், வசனத்தைப் பாருங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டும், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் கோவை, ஈரோடு, திருப்பூர்ச் சபைகள் கட்டுக்கட்டாக வாங்குகின்றன. வாங்குபவர்கள் பெரும்பாலும் பார்ப்பது படமும் விலையும்தான். வசனத்தை எந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

கட்டைப் பிரித்ததும் ஏசாயா 60:22-ஐத் தேடுங்கள். "சின்னவன் ஆயிரமும், சிறியவன் பலத்த ஜாதியுமாவான்" என்பதோடு அச்சு நின்றிருந்தால் அந்தக் கட்டு வேண்டாம். "கர்த்தராகிய நான் ஏற்றகாலத்தில் இதைத் தீவிரமாய் நடப்பிப்பேன்" என்ற பின்பாதி போய்விட்டது. பெருக்கம் மட்டும் கையில் இருக்கும், காலம் இருக்காது. பங்குனிக்குள் பலர் சோர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11 முழுசாகவே இருக்கும். ஆனால் அது தனியாக நிற்கிற வசனம் அல்ல. முந்தின வசனம் பாபிலோனில் 70 வருஷம் என்கிறது. எருசலேமிலிருந்து சிறைபிடித்து அங்கே கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க முடியாது. அதுவரை என்ன செய்வது? 5 முதல் 7 வரை வாசியுங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். தென்மாவட்டங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, "எப்ப ஊருக்குப் போறது?" என்றே வருஷங்களை ஓட்டும் திருப்பூர்க் குடும்பங்களுக்கு 11-ஐவிட 7 முதலில் வேண்டும். தேவன் வைத்திருக்கிற வேலை காத்திருக்கும் நாட்களுக்குள்ளேயே இருக்கிறது.

பயிரிடுகிறவன் விளைச்சலுக்காகப் பொறுமையோடு காத்திருப்பதைச் சொல்லும் யாக்கோபு 5:7 அட்டை மஞ்சள் விளைகிற ஈரோட்டுப் பக்கம் நன்றாகப் பேசும். வைகாசி, ஆனியில் ஊன்றியதைத் தை, மாசியில்தான் வெட்டுகிறார்கள். நடுவில் தோண்டிப் பார்த்தால் கிழங்கு தேறாது.

அட்டையின் தரம்: பளபளப்பான லேமினேஷனில் பேனா மை ஒட்டாது, விரல் பட்டாலே கலையும். மேட் அட்டையாக, பின்பக்கம் வெறுமையாக இருப்பதை எடுங்கள். வேதாகமத்தின் மெல்லிய தாளுக்கு நடுவே வைப்பதால் ரொம்பத் தடிமனும் ஆகாது. ஒரே வசனம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிவிடுங்கள். ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே அட்டை வந்தால் அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கட்டில் அந்த வசனம் பல தடவை இருந்ததுதான் காரணமாக இருக்கும்.

ஜனவரி 1 அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்து, பின்பக்கத்தில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: தேதி, இது முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது, இப்போதே செய்யச் சொல்லியிருப்பது என்ன. மூன்றாவது வரியைத்தான் பலரும் காலியாக விடுவார்கள். மாதா மாதம் திருவிருந்துக்குப் போகுமுன் அதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடையில் பாதி வசனம்தான் கிடைக்கிறதென்றால், வெற்று அட்டை வாங்கி வாலிபர் கூட்டத்தாரிடம் கொடுங்கள். 200 அட்டையைப் பத்துப் பேர் எழுதினால் ஆளுக்கு இருபது. எழுதி முடித்ததும் வேறொருவர் வேதாகமத்தைத் திறந்து வசன எண்ணைச் சரிபார்க்கட்டும்.