வயர் உள்ள ரிஸ்ட் ஸ்ட்ராப் வாங்குங்கள், வயர்லெஸ் வேண்டவே வேண்டாம்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 150 ரூபாய்க்கு வாங்கிய ஆன்டி ஸ்டேட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப் இது, உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் சார்ஜை வயர் வழியாக எர்த்துக்கு இறக்கிவிடும் மணிக்கட்டுப் பட்டை. எலாஸ்டிக் பட்டை, உள்பக்கம் தோலில் படுகிற மாதிரி ஒரு ஸ்டீல் தகடு, சுருள் வயர், முனையில் கிளிப், அவ்வளவுதான். ஆனால் ராம் மாற்றுகிறவரோ மொபைல் போர்டைத் தொடுகிறவரோ, யாராக இருந்தாலும் இதைக் கட்டாமல் வேலைக்கு உட்காரக் கூடாது.

கதவுப் பிடியைத் தொட்டதும் சுரீரென்று அடிக்கிறதே, அதை நம் விரல் உணரவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும், சில சிப்புகளுக்கோ 100 வோல்ட்டே அதிகம். அதனால் நமக்குத் தெரியாமலேயே அடிபட்டுவிடும். அந்த நிமிஷமே போய்விட்டால்கூடப் பரவாயில்லை, அரைகுறையாக அடிபட்ட சிப் சில மாதம் ஓடிவிட்டு அப்புறம் மக்கர் பண்ணும், காரணம் யாருக்கும் பிடிபடாது. சென்னையின் ஈரக்காற்றில் இதெல்லாம் வராது என்பார்கள். ஏசி அறையில் காற்று காய்ந்துவிடும், கூடவே பாலியஸ்டர் சட்டையும் பிளாஸ்டிக் சேரும் இருந்தால் போதும்.

வாங்கியதும் மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைத் தகட்டிலும் மற்றதைக் கிளிப்பிலும் வைத்துப் பாருங்கள், 1 மெகாஓம் பக்கம் காட்ட வேண்டும். என்னுடையது சரியாகவே காட்டியது. தவறி லைவில் கை பட்டாலும் 230 வோல்ட்டுக்கு அந்த வயர் வழியாகக் கால் மில்லி ஆம்பியர்கூடப் போகாமல் தடுப்பது ஸ்ட்ராப்புக்குள் இருக்கும் இந்த 1 மெகாஓம் ரெசிஸ்டர்தான், அதனால் மீட்டர் ஜீரோ காட்டினால் கையில் கட்டவே கட்டாதீர்கள். எதுவுமே காட்டவில்லை என்றால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. ரெசிஸ்டர் இருக்கிறதே என்று கரன்ட் ஓடுகிற போர்டில் இதைக் கட்டிக்கொண்டு கை வைக்கவும் கூடாது.

டெஸ்க்டாப் என்றால் மூன்று பின் பிளக்கை சாக்கெட்டிலேயே விட்டு, சுவிட்சை மட்டும் ஆஃப் செய்து, கேபினெட்டில் பெயின்ட் இல்லாத இடத்தில் கிளிப்பை மாட்டுங்கள். பழைய வீடுகளில் எர்த் ஓட்டையில் வயரே இல்லாமல் இருக்கும், எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய வயர்லெஸ் ஸ்ட்ராப் சுத்த தண்டம். எர்த்தோடு தொடர்பே இல்லாத பட்டை சார்ஜை எங்கே கொண்டுபோய் இறக்கும்? அதை விற்பதே தப்பு.

இந்த ஸ்ட்ராப்பில் ஒரு குறை, எலாஸ்டிக் சீக்கிரம் தளர்கிறது, தளர்ந்தால் தகடு தோலில் படாது. கடைக்குப் போகிறபோது ராம், போர்டு போட்டு வைக்க வெள்ளி நிற ஷீல்டிங் கவரும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், ரோஸ் நிற ஆன்டி ஸ்டேட்டிக் கவரில் சார்ஜ் சேராதே தவிர வெளியிலிருந்து வருவதை அது தடுக்காது.