இந்தூரின் இண்டஸ்-2: பயனர் நோக்கில் ஒரு மதிப்புரை

பொருள்களின் அணு அமைப்பை எக்ஸ் கதிரால் ஆராய விரும்புவோருக்கு, இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தின் இண்டஸ்-2 என்னும், எலக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிட்டு எக்ஸ் கதிர் உண்டாக்கும் சின்க்ரோட்ரானைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். 1999இல் இயங்கத் தொடங்கிய இண்டஸ்-1 என்னும் 450 மெகா எலக்ட்ரான்வோல்ட் வளையத்தில் கிடைத்த பட்டறிவு இதற்கு அடித்தளமாயிற்று. மைக்ரோட்ரான் என்னும் தொடக்க முடுக்கியில் 20 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் பெறும் எலக்ட்ரான்கள், முடுக்கி வளையத்தில் 550 மெகா எலக்ட்ரான்வோல்ட்டை எட்டி, 172.5 மீட்டர் சுற்றளவுள்ள சேமிப்பு வளையத்துக்குள் புகுந்து, அங்கேயே 2.5 கிகா எலக்ட்ரான்வோல்ட் வரை உயர்த்தப்படுகின்றன. 16 காந்தங்கள் பாதையை வளைக்கும்போது எலக்ட்ரான்கள் எக்ஸ் கதிர் உள்ளிட்ட ஒளியை உமிழ்கின்றன.

அந்த ஒளியை ஆய்வுக்கருவிகளுக்குக் கொண்டுசெல்லும் கற்றைத்தடங்களுள், எக்ஸ் கதிர் உட்கவர்தலின் நுண்ணமைப்பை அளக்கும் எக்ஸாஃப்ஸ் தடமே என் மனத்துக்கு நெருக்கமானது. இரட்டைச் சிலிக்கான் படிகங்கள் தேர்ந்தெடுத்த கதிர், கதிரின் செறிவை அளக்கும் அயனியாக்க அறைகளுக்கு நடுவே வைத்த மாதிரி வில்லையைக் கடக்கையில், உட்கவர்தல் வரைகோட்டின் நுண்ணிய அலைவுகள் கணினித் திரையில் புள்ளி புள்ளியாக எழுவதைக் காண்பது பெருமகிழ்ச்சி தருகிறது. அண்டை அணுக்களுக்கு இடையிலான தொலைவை அவற்றிலிருந்தே கணக்கிடலாம். புரதங்களின் அமைப்பை அவற்றின் படிகங்கள் வழியே ஆராயும் புரதப் படிகவியலுக்கும் தனித்தடம் உண்டு.

அண்மைத் தலைமுறை வளையங்களின் பொலிவை, அதாவது ஒளிக்கற்றையின் செறிவை, இதனிடம் எதிர்பார்க்க இயலாது என்பதை, மிகச் சிறிய படிகங்களுடன் வருவோர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். எலக்ட்ரான்களை நெளிய வைத்துச் செறிந்த ஒளி பெறும் காந்த வரிசைகளான, பின்னாளில் பொருத்தப்பட்ட அண்டுலேட்டர்கள் அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.