கும்பகோணத்தில் ஈயம் பூசும் கடை: வேலை சுத்தம், நாள் மட்டும் தவறும்

கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச இன்னும் ஆள் இருக்கிறாரா என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இருக்கிறார். கும்பேஸ்வரர் கோயில் பக்கம் பாத்திரக்கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால் கரிப்புகை வாசனையே வழி காட்டிவிடும். கடைக்குப் பெயரும் கிடையாது, பலகையும் கிடையாது. ஒரு பெரியவர், அவர் மருமகன், ஒரு உலை, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான்.

நான் கொண்டுபோனது ஒரு ஆட்டோ நிறைய. பெரிய தவலை, சின்னத் தவலை, ஐந்தடுக்கு, இரண்டு குண்டான், குடம், தூக்கு. எல்லாவற்றின் தோளிலும் ‘ரா.வ. 1997’ என்று புள்ளிபுள்ளியாக வெட்டியிருக்கும். அந்த ரா.வ. நான் இல்லை. என் வீட்டுக்காரரின் மூத்த தாரம். நான் அக்கா என்றுதான் சொல்வேன். நேரில் பார்த்ததில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, பெண்ணுக்குப் பதினோரு வயது. அந்தப் பெண்ணுக்குத்தான் இப்போது தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். “அவ அம்மா சீர் அவளுக்கே போகட்டும்” என்று அத்தை சொன்னார்கள். எனக்கு உடனே சரி என்று வாய் வந்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

இந்தப் பாத்திரங்களோடுதான் நான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன். என் அப்பா கடன் வாங்கி எடுத்துக் கொடுத்த எவர்சில்வர் சாமான் பரணில் சாக்குக் கட்டியபடியே இருக்கிறது. “அதான் எல்லாம் இருக்கே, எதுக்கு இன்னொண்ணு இறக்கணும்” என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். குழம்பு நன்றாக அமைந்தால் ‘அந்தக் குண்டானோட ராசி’. அமையாவிட்டால் ‘உனக்கு இன்னும் கை வரலை’. தூக்கில் மோர் ஊற்றினால் அக்கா எந்த அளவுக்கு ஊற்றுவார் என்று கைவிரலை வைத்துக் காட்டுவார்கள். ஆடி மாதம் சுமங்கலியாகப் போனவருக்குப் புடவை வைத்துப் படைப்போம். படைத்த புடவையை உடுத்த வேண்டியவள் நான். நிறம் மட்டும் அக்காவுக்குப் பிடித்ததாக இருக்கும். மாம்பழ மஞ்சள் எனக்கு எடுக்காது, ஆனாலும் பீரோவில் ஒரு அடுக்கு முழுக்க மாம்பழ மஞ்சள்தான். அத்தை கெட்டவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு டெங்கு வந்தபோது ராத்திரி பூரா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். மருமகள் என்றால் அவருக்கு முதலில் ஒரு முகம் வருகிறது, அது என் முகம் இல்லை.

சரி, கடைக்கு வருகிறேன்.

முதலில் நான் போனது இந்தக் கடைக்கு இல்லை. ஏசி போட்ட பெரிய பாத்திரக்கடை ஒன்றில் பழையதுக்குப் புதியது என்று போர்டு இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே இருந்த பையன் தவலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பேர் வெட்டினதுக்குக் கழிவு உண்டுங்க” என்றான். உருக்கப்போகிற பித்தளையில் யார் பேர் இருந்தால் என்ன, அதற்கு எதற்குக் கழிவு என்று கேட்டேன். பதில் இல்லை. “இது உங்க பேருங்களா?” என்று கேட்டான். “எங்க வீட்டுப் பேரு” என்று சொல்லிவிட்டு ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். பழைய பித்தளையை எடைக்குப் போடுகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். அந்தக் காலத்துத் தவலையின் கனம் இப்போது வருகிற தகட்டில் கிடையாது. கையில் தூக்கினாலே தெரியும்.

ஈயக்காரப் பெரியவர் ஒவ்வொரு பாத்திரமாக உள்ளே விரலை விட்டுத் தடவினார். ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிகிற இடங்களைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டார். “இதுல புளி ஊத்துனீங்களா?” என்றார். ஊற்றினோம், ரசமும் வத்தக்குழம்பும் அதில்தான். “இனிமே பூசாம ஊத்தாதீங்க, களிம்பு ஏறும்.” பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கிறது, புளிப்புப் பட்டால் பச்சையாகக் கசிந்துவிடும், அதைத் தடுக்கத்தான் உள்ளே வெள்ளீயம். பிறகு வெளியே இருக்கிற எழுத்தைப் பார்த்தார். “மெருகு போடும்போது பேரை எடுத்துரட்டுமா, இருக்கட்டுமா?” அவ்வளவுதான் கேட்டார். யாருடையது, என்ன உறவு, எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. இந்த ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இருக்கட்டும் என்றேன். “நல்லது. எடுத்தா அந்த இடம் மெலிஞ்சுடும்” என்று அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

கூடவே ஒரு பொட்டலமும் கொண்டுபோயிருந்தேன். அதைச் சொல்ல வேண்டும். அக்காவின் ஈயச்சொம்பு. அக்கா போன மாதத்தில் இவர் தானே ரசம் வைக்கிறேன் என்று வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றியிருக்கிறார். தண்ணீர் இல்லாமல் ஈயச்சொம்பை ஏற்றக்கூடாது என்பது ஆம்பிளைகள் பாதிப்பேருக்குத் தெரியாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அடுப்புக்கு அதெல்லாம் ஒரு சூடே இல்லை. சொம்பு பர்னர் மேலேயே உட்கார்ந்து வழிந்துவிட்டது. ஆறினபிறகு சுரண்டி எடுத்த கட்டியை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்திருந்தார். நான் வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அந்த முடிச்சைத் தூக்கி, கீழே துடைத்து, திரும்ப வைத்திருக்கிறேன். சாமான் எல்லாம் பெண்ணோடு போகிறதென்றால் இதுவும் போகட்டும், இதை உருக்கி அந்தப் பாத்திரங்களுக்கே பூசினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. இவரிடம் கேட்டேன். பேப்பரை மடக்கிவைத்தார், சட்டையை மாட்டினார், வெளியே போனார். திரும்பி வந்து, “நல்ல ஈயமான்னு முதல்ல பார்க்கச் சொல்லு” என்றார்.

பெரியவர் பார்த்த விதம்தான் எனக்குப் பிடித்தது. கட்டியை முதலில் வெள்ளைத் தாளில் இழுத்தார். காரீயம் கலந்திருந்தால் கருப்பாகக் கோடு விழுமாம். விழவில்லை. கட்டியின் ஓரத்தில் வழிந்து உறைந்த மெல்லிய வால் ஒன்று இருந்தது. அதை என் காதருகே கொண்டுவந்து மெல்ல வளைத்தார். கிரீச் என்று ஒரு சத்தம். “கேட்டுச்சா? சுத்த வெள்ளீயம் வளைச்சா கத்தும்மா. கலப்படம் ஊமை.” தராசில் 350 கிராம் நின்றது. என் கண் முன்னாலேயே சின்ன இரும்புச் சட்டியில் உருக்கி, மூங்கில் பிளவில் ஊற்றி, குச்சியாக எடுத்துக்கொண்டார். ஈயத்தின் விலையைக் கூலியில் கழித்துவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார், கழித்தும் கொடுத்தார். 4,200 சொன்னது 3,300 ஆயிற்று.

பூசுவதை நின்று பார்க்க விடுகிறார், பாருங்கள். முதலில் புளிக்கரைசலும் மணலும் போட்டு உள்பக்கம் தேய்த்துக் கழுவுகிறார்கள். உலைக்கு இப்போது துருத்தி இல்லை, மின்சார ஊதி. குண்டானை இடுக்கியால் பிடித்துக் கரியின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். சரியான சூடு வந்ததும் ஒரு சிட்டிகை நவச்சாரத்தூள். குப்பென்று வெள்ளைப் புகை. மூக்கை அறுக்கும், ஆஸ்துமா இருப்பவர்கள் தள்ளி நில்லுங்கள். உடனே ஈயக்குச்சியை உள்ளே ஒரு தொடு. பாதரசம் மாதிரி ஒரு துளி ஓடும். பஞ்சுச் சுருளால் அதை ஒரே வீச்சில் துடைத்து இழுப்பார். மஞ்சள் இருந்த இடம் பூரா வெளுத்துக்கொண்டே போகும். அடுத்த நிமிஷம் தண்ணீர்த் தொட்டியில் சுர்ர். அந்தக் கட்டி முதல் குண்டானில் முதல் கோடாக ஓடியபோது நான் போனில் வீடியோ எடுத்து இவருக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு இரண்டு நீல டிக் வந்தது. பதில் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது, “பஞ்சால துடைக்கிறாரே, கை சுடாதா?” என்று கேட்டார். சுடும் போலத்தான் இருக்கிறது, அந்தப் பெரியவரின் வலது கட்டைவிரலில் ரேகையே இல்லை.

பேர் வெட்டுவதும் இங்கேயே உண்டு. மருமகன் செய்கிறார். மெஷின் வைத்திருக்கிறார், ஆனால் பழைய பாத்திரத்துக்கு உளிதான். எழுத்துக் கணக்கில் காசு. பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “அம்மா பேருக்குக் கீழயே என் பேரை வெட்டச் சொல்லுங்க சித்தி. வருஷம் வேண்டாம்” என்றாள். பழைய புள்ளிகளின் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து அதே அளவில் வெட்டியிருக்கிறார் அந்தப் பையன். இரண்டு வரியையும் ஒரே ஆள் ஒரே நாளில் வெட்டினார் என்றால் நம்புவார்கள்.

என் பங்குக்கு நாச்சியார்கோயில் போய் ஒரு ஜோடி குத்துவிளக்கு வாங்கினேன். கும்பகோணத்திலிருந்து கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர், பஸ் நிறைய. அந்த ஊர் விளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஊரிலேயே பட்டறைக்காரர்களிடம் வாங்குங்கள், உச்சியில் அன்னம் வைத்தது, பாகம் பாகமாகத் திருகிக் கழற்றலாம். திருகிப் பார்த்து, ஆடாமல் நிற்கிறதா என்று தரையில் வைத்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். அதிலும் பேர் வெட்டக் கொடுத்தேன். என் இனிஷியல் இரண்டு எழுத்தும் சொன்னேன். “கொடுக்கறவங்க உறவு போடுவாங்களே, அம்மா, அத்தைன்னு. என்ன போடட்டும்?” என்றார் அந்தப் பையன். “எழுத்துக்குக் காசு வாங்குறீங்க. இனிஷியல் போதும்” என்றேன்.

இனி குறைகள். வியாழக்கிழமை தருகிறேன் என்றவர் அடுத்த திங்கள்தான் கொடுத்தார். கல்யாணத் தேதி குறித்தவர்கள் பதினைந்து நாள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். குடத்தின் கழுத்துக்குக் கீழே கை எட்டாத இடத்தில் பூச்சு சரியாக ஏறவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். காட்டியதும் முணுமுணுக்காமல் திரும்பச் சூடு காட்டிச் சரிசெய்தார், இருந்தாலும் நாமாகப் பார்க்காவிட்டால் அப்படியே வந்திருக்கும். கையில் காசுதான், ஜிபே கிடையாது, ரசீது கிடையாது. துண்டுச்சீட்டில் சாமான் எண்ணிக்கையை நீங்களே எழுதி அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. அமாவாசையன்று கடை திறப்பதில்லை.

வேறு இடத்தில் பூசுகிறவர்கள் வெள்ளீயம்தானா என்று கேட்டு, குச்சியை வாங்கித் தாளில் இழுத்துப் பாருங்கள். சாலிடர் ஈயத்தைக் கலந்து மலிவாகப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் காரீயம் உண்டு, சாப்பாட்டுக்கு விஷம். பூசி வந்ததும் ஒருமுறை தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள். கம்பி நார் ஆகாது, தேங்காய் நாரோ துணியோ போதும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாதீர்கள், அதில் நேராகத் தாளிக்கவும் வேண்டாம். தாளிப்பை இரும்புக் கரண்டியில் பண்ணி மேலே கொட்டுங்கள். பெண்ணுக்கு இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி பெரிய தவலைக்குள் போட்டிருக்கிறேன். அவள் படிப்பாளோ என்னவோ, மாப்பிள்ளை வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு. பித்தளை அதில் சூடே ஆகாது என்று அத்தையிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

சாமான் எல்லாம் கூடத்தில் வரிசையாக ஜொலிக்கிறது. அத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுக்கு ஒண்ணாவது வேண்டாமா, பொங்கலுக்கு எதுல வைப்பே?” என்றார்கள். பரணைக் காட்டினேன். “அது என்ன இருக்கு அதுல?” என்றார்கள். இத்தனை வருஷம் கழித்து. ஆள் வைத்து இறக்கினோம். ஒரு டிபன் கேரியர் நசுங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. எவர்சில்வருக்கு ஈயமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆனால் டொக்கு எடுக்க வேண்டும். அந்தப் பெரியவரிடம் கேட்டேன், எவர்சில்வர் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்கும் சேர்த்துத்தான் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். ஐந்துக்கு நான்கு.