எடிட் செய்த வீடியோவா, நேரலையா?

கேமிங்கில் பெரிய பெயர் எடுக்க இரண்டு வழி இருக்கிறது: ஆடியதை எடிட் செய்து வீடியோவாகப் போடுவது, அல்லது நேரலையில் ஆடுவது. முதல் வழிக்கு யூடியூபர் பியூடிபை நல்ல உதாரணம். 2010-இல் யூடியூப் சேனல் தொடங்கியவர், 2019-இல் 10 கோடி சந்தாதாரர்களைத் தொட்டார். ஆட்டத் திறமைக்காகக் கூடிய கூட்டம் இல்லை அது. 'அம்னீசியா' மாதிரி திகில் கேமில் கதவு திறக்கும், ஒரு நொடி நிசப்தம், அப்புறம் அவர் போடும் அலறல்! அதற்காகத்தான் வந்தார்கள். வழி தெரியாமல் சுற்றிய நேரமெல்லாம் எடிட்டிங்கில் போய்விடும். பழைய வீடியோவும் தூங்குகிற நேரத்தில் புது ஆட்களைக் கூட்டி வரும்.

நேரலையில் ஆடும் நின்ஜா என்பவர் ரகம் வேறு. 2018 மார்ச்சில் ராப் பாடகர் டிரேக்குடன் அவர் ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் ஃபோர்ட்நைட் கேம் ஆடியபோது ஒரே நேரத்தில் 6 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். இங்கே கை வேகம் முக்கியம். சாட்டில் எழுதியவர் பெயரைச் சொல்லிப் பதில் தந்தால் அவர் மறுநாளும் வருவார். ஆனால் லீவு போட்டால் கூட்டம் கலையும்.

புதியவருக்கு நான் எடிட் வீடியோவைத்தான் சொல்வேன். நேரலைத் தளங்களில் ஏற்கெனவே கூட்டம் உள்ளவரே பெரும்பாலும் மேலே தெரிவார். காலி சாட்டைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் பேச தனித் தெம்பு வேண்டும்.