வெண்டைக்காய் வறுவல்: வாணலியா, ஏர் ஃப்ரையரா?

ரசம் சாதத்துக்கு அவசரமாக ஒரு பச்சைக் காய் வேண்டுமென்றால் எனக்கு முதலில் தோன்றுவது வெண்டைக்காய் வறுவல்தான். கால் கிலோ காய் 2, 3 பேருக்குப் போதும். இந்த அளவுக்கு என் ஓட்டு ஏர் ஃப்ரையருக்கே.

காரணம் அந்த வழவழப்பு. ஈரம் வேகமாகப் போனால் அது அடங்கிவிடும். தங்கினால் நூல் நூலாக இழுக்கும். வாணலியில் காய்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால், கிளம்புகிற ஆவி அங்கேயே சுற்றும். மூடி போடாமல், அடிக்கடி கிளறாமல், 20 நிமிடமாவது அடுப்படியில் நிற்க வேண்டும். எண்ணெயிலும் கை தாராளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடிப்பிடிக்கும். ஏர் ஃப்ரையரில் விசிறி சூடான காற்றைச் சுழற்றி ஈரத்தை இழுத்துவிடுகிறது. 2 டீஸ்பூன் எண்ணெய், 180 டிகிரி, 12 முதல் 15 நிமிடம். நடுவில் ஒருமுறை கூடையைக் குலுக்கினால் சரி.

எதில் செய்தாலும் காயைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே நறுக்குங்கள். உப்பு கடைசியில், முன்பே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஏர் ஃப்ரையருக்கு மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்துப் பிசிறுங்கள், வெறும் தூள் காற்றில் பறக்கும். கூடையை நிரப்பினால் காய் புழுங்குமே தவிர மொறுமொறுக்காது. 6 பேர் சாப்பிடுகிற வீட்டில் இரண்டு ஈடு போட்டு முடிப்பதற்குள் பெரிய வாணலியில் வேலை முடிந்திருக்கும்.

வாணலி அசைக்க முடியாதபடி ஜெயிப்பது தாளிப்பில். கடுகும் உளுத்தம்பருப்பும் கூடை ஓட்டையில் நழுவும், கறிவேப்பிலை மேலே பறந்து சூட்டுக்கம்பியில் ஒட்டிக் கருகும். அதனால் தாளிப்புக் கரண்டியில் தனியாகத் தாளித்து, வறுத்த காயின் மேல் கொட்டுகிறேன். ஒரு பாத்திரம் கூடத்தான், ஆனாலும் அந்த வாசனை இல்லாமல் எனக்கு அது வறுவலே இல்லை.

பீன்ஸ், அவரைக்காய் பொரியலுக்கு யோசிக்கவே வேண்டாம், வாணலிதான். தண்ணீர் தெளித்து, மூடி, ஆவியில் வேக வேண்டிய காய்கள் இவை. வறண்ட காற்றில் தோல் விறைத்துப்போகும். கீரையும் அப்படியே. கோவைக்காய் மட்டும் வெண்டைக்காயோடு சேரும். மெல்லிய வட்டமாக நறுக்கி அதே சூட்டில் இன்னும் 5 நிமிடம் கூடுதலாக விடுங்கள், ஓரம் சிவந்து வரும்.