வரி உயர்வுக்கு ஊர் இசையுமா? குன்னூரில் நாங்கள் அமர்த்திய கருத்தாய்வுச் சேவை

குன்னூர் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கமும் கடைவீதி வணிகர்கள் சிலருமாகச் சேர்ந்து, உள்ளூர் வரியில் சிறிதளவு உயர்வை வாக்காளர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டறிந்து சொல்வதற்காக, நாங்கள் ‘கீழே’ என்று சொல்லும் சமவெளியிலிருந்து ஒரு கருத்தாய்வு நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். குப்பையைத் தரம்பிரித்து அகற்றுவதற்கும் பழைய குடிநீர்க் குழாய்களை மாற்றுவதற்கும் தனி நிதி ஒதுக்கக் கோரி நகர்மன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுப்பது எங்கள் நோக்கம். அந்தச் செலவில் ஒரு பங்கை மக்களே ஏற்கத் தயாராக இருக்கிறார்கள் என்று மனுவில் எழுத வேண்டுமானால், சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் கைதூக்கியதை மட்டும் நம்பி எழுதுவது நியாயமாகாது என்று கருதினோம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீடும் ஓய்வூதியமும் உள்ளவர்கள். அவர்களுடைய சம்மதத்தை ஊரின் சம்மதமாகக் காட்டிவிடக் கூடாது.

வினாத்தாள் தயாரித்துக் கொடுப்பது, வீடு வீடாகச் சென்றும் தொலைபேசியிலும் 400 வாக்காளர்களிடம் கேட்பது, முடிவுகளைத் தொகுத்து அறிக்கை தருவது ஆகிய மூன்றும் சேவையில் அடங்கும். கட்டணம் எங்கள் சங்கத்தின் ஓராண்டுச் சந்தாவில் ஏறக்குறைய பாதி; எங்களைப் போன்ற சிறு சங்கத்துக்கு அது பெரிய தொகை. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. குறைகள் சிலவற்றில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதும், சுட்டிக்காட்டியவற்றை அவர்கள் திருத்திக் கொடுத்தார்கள் என்பதும் அதற்குக் காரணம். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: களப்பணி முதல்தரம், வினாத்தாளும் அறிக்கையும், அமர்த்துகிறவர்கள் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்துத் திருத்தாவிட்டால் பயன்படாது.

முதலில் வந்த வினாத்தாளின் நான்காவது கேள்வி இப்படி இருந்தது: “நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பது காசு வீதம் உள்ளூர் விற்பனை வரியை உயர்த்தி, அந்தப் பணத்தை ஊரின் நலனுக்குச் செலவிட்டால் ஆதரிப்பீர்களா?” மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “இந்த ஐம்பது காசை நான் எந்தப் பில்லில் போட்டு எந்த ஆபீசில் கட்டுவது?” என்று கேட்டார். அமெரிக்க நகரங்களில் வாக்கெடுப்புக்கு முன்பு நடத்தப்படும் ஆய்வுகளின் மாதிரியிலிருந்து அந்தக் கேள்வி அப்படியே எடுக்கப்பட்டிருக்கிறது என்பது விசாரித்தபோது தெரிந்தது. அங்கே ஒரு டாலருக்கு அரை சென்ட் என்று இருந்தது இங்கே நூறு ரூபாய்க்கு ஐம்பது காசாகியிருந்தது.

அந்த மாதிரிக்கு அதன் ஊரில் பொருள் இருக்கிறது. உதாரணமாக, கலிபோர்னியாவில் மாநிலம் முழுவதற்குமான விற்பனை வரி 7.25 சதவீதம், அதற்கு மேல் நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் 1996இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உள்ளூர் வரி எதையும் வாக்காளர்களின் ஒப்புதல் இல்லாமல் உயர்த்த முடியாது. பொதுச் செலவுக்கான வரி என்றால் பாதிக்கு மேல் ஆதரவு போதும். குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக நகர நிர்வாகமே கொண்டுவரும் வரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தோற்றுப்போகும் வாக்கெடுப்புக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்றுதான் அங்குள்ள நகரங்கள் முன்கூட்டியே மக்களின் மனநிலையை அளந்து பார்க்கின்றன.

நம் நிலைமை வேறு. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது நம் பழைய சென்னை மாகாணம்தான். மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் ராஜாஜியின் அரசு அந்தச் சட்டத்தை இயற்றியது. அந்த வரி பல வடிவங்கள் மாறி, 2007இல் மதிப்புக் கூட்டு வரியாகி, 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டிக்குள் கலந்துவிட்டது. இன்று குன்னூர்க் கடையில் தரும் பில்லில் உள்ள வரி மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சரிபாதியாகப் போகிறது. நகராட்சி தன் விருப்பப்படி அதன்மேல் ஐம்பது காசு ஏற்ற வழியே இல்லை. சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம் போன்றவைதான் அதன் கையில் இருப்பவை. தொழில் வரிக்கும் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசமைப்புச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆகவே விற்பனை வரி பற்றி 400 பேரிடம் கேட்டு எவ்வளவு நல்ல பதில் வாங்கி வந்தாலும், அதை எந்த மன்றமும் செயல்படுத்த முடியாது. அந்தக் கேள்வியைக் கண்டு மற்றவர்களைவிட எனக்கு அதிகமாகவே கோபம் வந்தது. சுற்றுலாப் பயணிகள் நிறைந்த ஊரில், தங்குமிடங்களிலும் கடைகளிலும் வெளியூர்க்காரர்கள் தரும் பணத்திலிருந்து ஒரு சிறு பங்காவது ஊருக்கு நேரடியாக வந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்ற ஏக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. நடக்க முடியாத ஒன்றைக் கேட்டு அந்த ஏக்கத்தைக் கிளறிவிட்டு, பிறகு “அது சட்டத்தில் இல்லை” என்று சொல்வது மக்களுக்குச் செய்யும் நன்மையாகாது.

கேள்வியை நாங்களே மாற்றி எழுதினோம். அப்போது இன்னொரு பிரச்சினை எழுந்தது. நிறுவனத்தார் “சொத்து வரியில் 10 சதவீத உயர்வு” என்று கேட்கலாம் என்றார்கள். 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சீராய்வை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. நகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று சதவீதக் கணக்கில்தான் அந்த உயர்வு வந்தது. சதவீதம் என்ற சொல்லைக் கேட்டவுடனே கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டுகிறவருக்கு 10 சதவீதம் என்பது மாதத்துக்கு 20 ரூபாய்தான். அதை அப்படியே ரூபாயில் கேட்டால் அவர் தன் வீட்டுச் செலவோடு ஒப்பிட்டு நிதானமாகப் பதில் சொல்ல முடியும். களப்பணியாளர் வீட்டு வரி ரசீதைப் பார்க்கக் கேட்டு, அதிலுள்ள தொகையை வைத்து அந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டுச் சொன்ன பிறகே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தோம். இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்று தெரிந்தும் அவர்கள் கூடுதல் கட்டணம் கேட்காமல் ஒப்புக்கொண்டதைப் பாராட்ட வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் நாங்கள் தலையிட வேண்டியிருந்தது. முதலில் அவர்கள் வைத்திருந்தது கைப்பேசி எண்களின் பட்டியல். முகவரியில் குன்னூர் என்று இருந்தால் சேர்த்திருந்தார்கள். குன்னூர் என்று முகவரி எழுதுகிறவர்கள் எல்லோரும் நகராட்சிக்கு உட்பட்டவர்கள் அல்லர். வெலிங்டன், ராணுவக் குடியிருப்புப் பகுதியை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் வாரியத்தின் கீழ் வருகிறது; அருவங்காடு தொழிற்சாலைக் குடியிருப்பு நகராட்சிக்கு வெளியே இருக்கிறது; உலிக்கல், ஜெகதளா, கேத்தி ஆகியவை தனிப் பேரூராட்சிகள். இவர்களில் யாருக்கும் எங்கள் நகராட்சியின் வரி ரசீது வராது, எங்கள் வார்டில் ஓட்டும் கிடையாது. இதற்கு மாறாக, பங்களா வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு சென்னையிலும் பெங்களூரிலும் வசிப்பவர்கள் வரி கட்டுகிறார்கள், ஆனால் ஓட்டு வேறு ஊரில். வாடகைக்கு இருப்பவர்களோ ஓட்டு உள்ளவர்கள், வரியை நேரடியாகக் கட்டாதவர்கள். கடைசியில் 30 வார்டுகளின் வாக்காளர் பட்டியலிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் பெயர்களைத் தேர்ந்து, சொந்த வீடா வாடகையா என்பதை ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் குறிக்கச் செய்தோம்.

இனி களப்பணிக்கு வருகிறேன். இந்தச் சேவையில் நான் மனநிறைவோடு பேசக்கூடிய பகுதி இதுதான். வந்தவர்கள் ஐந்து பேர், அவர்களில் நால்வர் பெண்கள். படகர் ஊரிலிருந்து ஒருவரையும் மலையாளம் தெரிந்த ஒருவரையும் இங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். தேயிலை பறிக்கப் போகிறவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் பகலில் வீட்டில் இருக்கமாட்டார்கள் என்பதை முதல் நாளே புரிந்துகொண்டு, மாலை ஐந்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பகுதிகளுக்குச் சென்றார்கள். ஆள் இல்லாத வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் கேட்டு எண்ணிக்கையை நிரப்பாமல், அதே வீட்டுக்கு மூன்று முறை வரை போனார்கள். இதைச் செய்யாத ஆய்வில் கடைக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் மட்டுமே பேசியிருப்பார்கள்.

வண்ணாரப்பேட்டைப் படிகளில் ஒரு மாலை நானும் அவர்களில் ஒரு பெண்ணோடு சென்றேன். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த அம்மாவிடம் அந்தப் பெண், “அம்மா, நாங்க எதையும் விக்க வரலைங்க, கட்சிக்காரங்களும் இல்லைங்க. வீட்டு வரி ரசீது கையில இருந்தா ஒரு நிமிசம் பாத்துக்கலாங்களா?” என்று கேட்டார். அந்த அம்மா பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், பழைய வரி ரசீதுகள் எல்லாம் ரப்பர் பேண்டில் கட்டப்பட்டிருந்தன. களப்பணியாளர் தொகையைக் கணக்கிட்டு, மாதம் இவ்வளவு கூடும் என்று சொன்னதும் அவர் உடனே பதில் சொல்லவில்லை. ரசீதை மடித்து மீண்டும் டின்னில் வைத்துவிட்டு, “குழாய்ல தண்ணி ஒழுங்கா வந்தா அந்தக் காசு பெரிசில்லம்மா. லாரித் தண்ணிக்கு அதைவிடக் கூடத்தான் குடுக்கறேன். ஆனா வாங்கிட்டு வேற எதுக்காவது போட்டுட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது?” என்றார். அந்தப் பெண் ஒரு சொல்லையும் மாற்றாமல் அப்படியே தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். எங்கள் மனுவில் இப்போது இருக்கும் மிக முக்கியமான கோரிக்கை, கூடுதலாக வசூலாகும் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து அரையாண்டுக்கு ஒருமுறை வார்டு வாரியாக ஒட்ட வேண்டும் என்பது. அது இப்படி ஓரத்தில் எழுதப்பட்ட பதில்களிலிருந்து வந்ததுதான்.

அறிக்கைதான் ஏமாற்றமளித்தது. அட்டையும் வண்ணப் படங்களும் அழகாக இருந்தன. உள்ளே ‘ஆதரவு நோக்கிச் சாய்ந்தவர்கள்’ என்று ஒரு பிரிவு இருந்தது. மூலத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, அந்தப் பிரிவில் இருந்த பலர் சொன்ன பதில் “பாக்கலாங்க” என்பதாக இருந்தது. வீட்டு வாசலில் நிற்கும் அந்நியரிடம், அதிலும் மழையில் நனைந்து வந்த பெண்ணிடம், முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மனம் வராதவர்கள் சொல்லும் சொல் அது. கடன் கேட்டு வந்தவரிடமும் பெண் கேட்டு வந்தவரிடமும் நாம் அதையேதான் சொல்கிறோம். தமிழ் தெரிந்த ஒருவர் அதைச் சம்மதத்தின் பக்கம் சேர்த்திருக்க முடியாது. அலுவலகத்தில் தாள்களைத் தொகுத்தவர்கள் அமெரிக்க மாதிரியில் இருந்த கட்டங்களுக்குள் பதில்களைத் திணித்திருக்கிறார்கள். அதைத் தனிப் பிரிவாகப் பிரித்துத் தரும்படி எழுத்தில் கேட்டோம். நான்கு நாளில் திருத்தித் தந்தார்கள். திருத்திய பிறகு எங்கள் ஆதரவுக் கணக்கு குறைந்தது. குறைந்த கணக்கையே மனுவில் சேர்த்தோம்.

முடிவுரையில், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு எட்டப்படவில்லை என்று ஒரு வாக்கியமும் இருந்தது. அது கலிபோர்னியாவின் வாக்கெடுப்புக்கு உரிய எல்லைக்கோடு. இங்கே வரியை மன்றமும் அரசும் முடிவு செய்கின்றன, மக்களிடம் வாக்கெடுப்பு நடப்பதில்லை. ஒரு பேச்சுக்கு அந்த எல்லை இங்கே பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், 400 பேரிடம் கேட்ட ஆய்வில் ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி முன்பின் பிழை இருக்கும். 64 என்று வந்தால் உண்மை 59 ஆகவும் இருக்கலாம், 69 ஆகவும் இருக்கலாம். பிழையைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு பேரிடம், அதாவது 1,600 பேரிடம் கேட்க வேண்டும்; எங்கள் சங்கத்தால் அது இயலாது. இந்த விளக்கத்தை நாங்கள் கேட்காமலே அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர்கள் எழுதியிருக்க வேண்டும். வார்டு வாரியாகப் பிரித்துப் போட்டிருந்த படங்களை நாங்கள் பயன்படுத்தவே இல்லை. ஒரு வார்டுக்குப் பதின்மூன்று பதினான்கு பேர் சொன்னதை வைத்து அந்த வார்டு ஆதரிக்கிறது, இந்த வார்டு எதிர்க்கிறது என்று சொல்வது கவுன்சிலர்களுக்கிடையே வீண் மனக்கசப்பை உண்டாக்கும்.

மலையில் இருக்கும் வேறு சங்கங்கள், கொடைக்கானலிலோ கோத்தகிரியிலோ, இத்தகைய சேவையை அமர்த்த நினைத்தால் களப்பணிக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள் என்று சொல்வேன். கேள்விகளை உங்கள் ஊர்க்காரர்கள் நான்கு பேர், அவர்களில் ஒருவராவது வாடகை வீட்டில் இருப்பவராகப் பார்த்து, உட்கார்ந்து எழுதுங்கள். மூலத் தாள்கள் உங்களுக்கே சொந்தம் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். நாங்கள் தற்செயலாக ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்ததால்தான் “பாக்கலாங்க” விஷயம் வெளியே வந்தது. ஏப்ரல், மே மாத சீசனில் வைக்காதீர்கள். தெருவில் கார்கள் நகர முடியாமல் நிற்கும் நாட்களில் எல்லோருடைய பதிலும் சுற்றுலாப் பயணிகளின் மேலுள்ள எரிச்சலாகவே வரும். நாங்கள் வரும் பிப்ரவரியில் அதே ஐந்து பேரை மீண்டும் வரச் சொல்லியிருக்கிறோம். தனிக் கணக்கு வைப்பதாக மன்றம் உறுதி சொன்னால் உங்கள் பதில் மாறுமா என்ற ஒரே கேள்வியோடு, “பாக்கலாங்க” என்று சொன்ன வீடுகளுக்கு மட்டும் அவர்கள் போவார்கள்.