வெள்ளைத் திரையில் சாம்பல் கறை: கீழக்கரையில் ஒரு ஆல்-இன்-ஒன் கணினியோடு ஆறு வருடம்

2019 ஜூனில் இந்தக் கணினியை வாங்கினேன். 27 அங்குலத் திரை, ஓரத்தில் பார்த்தால் ஒரு நோட்டுப் புத்தகக் கனம்தான். பெட்டி தனி, திரை தனி என்று கிடையாது. பிராசசர், ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை எல்லாமே திரையின் முதுகில் உட்கார்ந்திருக்கும். கீழக்கரையில் எனக்குக் கல்யாண ஆல்பமும் அழைப்பிதழும் டிசைன் செய்யும் கடை இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். கடையில் இடம் குறைவு. இந்த மெஷினுக்கு ஒரே ஒரு வயர் போதும், சத்தம் கிடையாது, திரையில் பார்த்த நிறம் அச்சில் அப்படியே வரும். முதல் இரண்டு வருடம், கேட்டவர்களுக்கெல்லாம் இதையே வாங்கச் சொன்னேன். அப்படிச் சொன்ன கடமைக்காகவும்தான் இப்போது எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டில் ஒரு கல்யாண ஆல்பம். மணப்பெண் வெள்ளைத் துப்பட்டாவில் இருக்கும் முழுப்பக்கப் படம். இடது கன்னத்துக்கு மேலே லேசாக ஒரு நிழல் தெரிந்தது. விளக்கு சரியாக விழவில்லை போல என்று நினைத்து, அந்த இடத்தை மட்டும் இரண்டு படி வெளுப்பாக்கி அச்சுக்கு அனுப்பினேன். ஆல்பத்தை வாங்கிப் போன பெண்ணின் அண்ணன் மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார். "காக்கா, தங்கச்சி கன்னத்துல மாவு அப்புன மாதிரி இருக்கே" என்று பக்கத்தை விரித்துக் காட்டினார். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். அவர் சொன்னது உண்மைதான். அச்சில் நிழலே இல்லை, நான் வெளுத்த இடம் மட்டும் திட்டாகத் தெரிந்தது. அன்றைக்குத்தான் கணினியில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, கடை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இடது மேல் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காய வைத்த மாதிரி ஒரு சாம்பல் படலம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. கறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஆல்பத்தை என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் முகத்தை நான் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் வெகுநாள் போகவில்லை. இந்தக் கறையின் ஆபத்தே இதுதான். மெஷின் ஓடும், எல்லாம் திறக்கும், கருப்புப் பின்னணியில் ஒன்றும் தெரியாது. கணக்கு எழுதுபவருக்கும் படம் பார்ப்பவருக்கும் வருடக்கணக்கில் கண்ணில் படாமலே இருக்கலாம். நிறத்தை நம்பிப் பிழைப்பவருக்கு மட்டும் அது வேலையில் கை வைக்கும்.

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இந்தத் திரைகளில் வெளிச்சம் ஓரத்தில் இருக்கும் எல்இடி பட்டையிலிருந்து வருகிறது. அதை முழுப் பரப்புக்கும் பரப்புவது ஒரு தடித்த அக்ரிலிக் பலகை. பலகைக்குப் பின்னால் வெள்ளைப் பிரதிபலிப்புத் தாள், முன்னால் வெளிச்சத்தைச் சீராக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இரண்டு மூன்று, அதற்கும் முன்னால் எல்சிடி கண்ணாடி. இவை ஒன்றோடொன்று ஒட்டப்படவில்லை, அடுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். சூடானால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு விரியும். அறுபது சென்டிமீட்டர் அகலமுள்ள அக்ரிலிக் பலகை முப்பது டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே நீளும். அதே சூட்டில் முன்னால் இருக்கும் கண்ணாடி அதில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது. ஆறினால் எல்லாம் சுருங்கும். ஒவ்வொரு நாளும் காலையில் விரிந்து, ராத்திரி சுருங்கி, தாள்களுக்கு நடுவே இருக்கும் காற்றும் வெளியே போய் உள்ளே வரும். சுருக்கமாகச் சொன்னால் திரை மூச்சு விடுகிறது.

ஊட்டியில் மூச்சு விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நம் கரையில் அது இழுக்கும் காற்று உப்புக்காற்று. இந்தக் காற்று என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு வருடம் முழுக்கப் பெயிண்ட் அடித்தும் துரு விடவில்லை. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. எந்த உலோகம் இந்தக் காற்றைத் தாங்கும் என்று காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் மண்டபத்தில் தகடுகளைக் கட்டிவைத்தே சோதித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட காற்றை ஒரு சின்ன ஃபேன் நாள் முழுக்கத் திரையின் முதுகுக்குள் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இனி உப்பு. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்புத் தூள் தானாகவே நீராகும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். அடுப்படியில் கல்லுப்பு ஜாடி ஐப்பசியில் அடியில் தண்ணீர் கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். ராத்திரி மெஷின் ஆறிக்கிடக்கும்போது உள்ளே போன உப்புத் தூசி இளகித் தாளில் படர்கிறது. காலையில் மெஷின் சூடானதும் காய்ந்து படிகிறது. மறுநாள் ராத்திரி அதன் ஓரம் இன்னும் ஒரு மயிரிழை தூரம் நகர்கிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் விரிவும் சுருக்கமும் அதிகம். என் மெஷினில் இடது மேல் மூலைக்கு நேர் பின்னால்தான் பவர் சப்ளை இருந்தது.

மதுரையில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுபோனேன். வாரண்டி முடிந்துவிட்டது, சூழ்நிலையால் வந்த பாதிப்பு, முழு பேனலையும் மாற்ற வேண்டும், 48,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கையேட்டை எடுத்துக் காட்டினார்கள். 10 முதல் 35 டிகிரி வெப்பத்தில் பயன்படுத்தவும் என்று அதில் இருந்தது. இந்த வகைக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் எல்லை. சித்திரை, வைகாசியில் ராமநாதபுரத்தில் மதிய வெயில் 35-ஐத் தாண்டாத நாள் எத்தனை? எல்லையை எழுதி வைத்தது தப்பில்லை. ஆனால் வெயில் ஊரில் இருக்கும் கடையில் விற்கும்போது அந்த ஒரு வரியை வாங்குபவரிடம் வாயால் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பேனல் மாற்றவில்லை. திரும்பி வந்து ராமநாதபுரத்தில் டிவி பேனல் சரிபார்க்கும் ஒரு தம்பியைப் பிடித்தேன். "அண்ணே, திறந்து பார்க்கலாம், ஆனா தாள்ல கோடு விழுந்தா நான் பொறுப்பில்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. 2023 நவம்பரில் திறந்தார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியைச் சுற்றி ஒட்டியிருந்த பசைப் பட்டையைச் சின்னச் சக்கரக் கத்தியால் அறுத்தார். உள்ளே கேபிள்களைக் கழற்றி, பேனலை மேசையில் கவிழ்த்து, ஓரத் தகட்டை நகத்தளவு நகத்தளவாக நெம்பி எடுத்தார். தாள்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மேல் தாளைக் கையுறை போட்ட விரல்களால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தினார். நடுவில் தெளிவு, மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். டீ கிளாஸ் வைத்த மேசையில் வட்டம் படியுமே, அந்த மாதிரி ஐந்தாறு. ஒவ்வொரு வளையத்தின் ஓரத்திலும் மாவு போல் வெள்ளை விளிம்பு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் லேசாக ஒற்றினார். தூசி வந்தது, விளிம்பு அப்படியே நின்றது. பிறகு பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரைப் பஞ்சில் தொட்டு ஒற்றினார், விளிம்பு கரைந்துவிட்டது. ஆல்கஹாலில் கரையாமல் தண்ணீரில் உடனே கரைவது உப்பின் குணம். இரண்டு வருடமாக என்னவோ ஏதோ என்று நினைத்திருந்ததற்கு அந்த ஒரு பஞ்சு பதில் சொல்லிவிட்டது.

கூலி 3,500 ரூபாய். முழுக்கப் போகவில்லை; அக்ரிலிக் பலகையின் ஓரத்தில் எல்இடி சூட்டினால் வந்த லேசான மஞ்சள் மிச்சம். மஞ்சளித்த பிளாஸ்டிக் வெள்ளையாகாது, அதற்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம். இன்னொன்று, வெகுநேரம் ஒரே படம் நின்றால் திரையில் அதன் சாயல் தங்கும். அது கொஞ்ச நேரத்தில் தானே மறைந்துவிடும், இந்தக் கறையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். விரலால் அழுத்திப் பார்ப்பதும் கூடாது, உள்ளே தாளில் புதுத் தழும்பு விழும்.

அதற்குப் பிறகு சில பழக்கங்களை மாற்றினேன். எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பழைய வேகத்தில் கறை வளரவில்லை. பெரிய மாற்றம் ஏசியில்தான். முன்பு 22-இல் வைத்திருந்தேன். மெஷினுக்குக் குளிர்ச்சி நல்லது என்றுதான் எல்லாரையும் போல நானும் நினைத்தேன். நம் கரையில் பல மாதம் 25 டிகிரிக்கே காற்று பனிக்கத் தொடங்கிவிடும். 22-இல் ஆறிப்போன கணினி இருக்கும் அறைக்கதவை ராத்திரி திறந்தால், குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலின் மேல் வியர்ப்பது மாதிரி மெஷினுக்கும் வியர்க்கும், உள்ளேயும்தான். இப்போது 27-க்குக் கீழே இறக்குவதில்லை.

கரண்ட் போவதையும் இதில் சேர்க்க வேண்டும். வேலை நடுவில் கரண்ட் போனால் ஃபேன் அந்த நொடியே நின்றுவிடும், பிராசசரின் சூடு நிற்காது. அது மெதுவாக ஏறி நேராகத் திரையின் முதுகுக்கு வரும். பெரிய ஃபைல் ஏற்றுமதி செய்யும்போது பிராசசர் 90 டிகிரி வரை போவதை நானே பார்த்திருக்கிறேன். எனவே யுபிஎஸ் வைத்தேன். வேலையைத் தொடர்வதற்காக இல்லை, ஃபேன் பத்து நிமிடம் ஓடி மெஷின் ஆறுவதற்காக. ராத்திரி மூடும்போதும் அப்படித்தான்: எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டு அணைக்கிறேன். வேலை கூடும்போது பிராசசர் தானாக எட்டும் டர்போ வேகத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறேன், ஏற்றுமதிக்கு நேரம் கூடுகிறது, பரவாயில்லை. பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போட்டாயிற்று, பருத்தித் துணிதான், அதுவும் ஆறின பிறகு. மழைக்காலத்தில் கடை பூட்டியிருந்தாலும் தினமும் ஒரு மணி நேரமாவது போட்டு வைக்கிறேன்.

இவ்வளவையும் செய்ய வேண்டுமா என்று கேட்டால், ஏற்கனவே வாங்கியவர்கள் செய்யத்தான் வேண்டும். இனி வாங்கப் போகிறவர்கள் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி வரை எங்கே கடை வைத்திருந்தாலும், நிற வேலைக்கு மெல்லிய ஆல்-இன்-ஒன் வாங்க வேண்டாம் என்பேன். சூடு தரும் சாமானையும் சூடு தாங்காத சாமானையும் ஒரே பெட்டியில் அடைத்தால் உப்புக்காற்றுக்கு இரண்டும் சேர்ந்தே பலியாகும். மானிட்டர் தனியாக இருந்தால் அதற்குச் சூடு குறைவு, கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். நான் 2024 கடைசியில் மேசைக்குக் கீழே ஒரு பெட்டியும் மேலே ஒரு தனி மானிட்டரும் போட்டுக்கொண்டேன். ஆல்பம் எல்லாம் இப்போது அதில்தான்.

பழைய மெஷினில் இப்போது கணக்கும் வாட்ஸ்அப் ஆர்டரும் நடக்கிறது. மாதம் ஒன்றாம் தேதி விளக்கை அணைத்து, வெள்ளைப் பக்கத்தை முழு வெளிச்சத்தில் வைத்து, அதே தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்கிறேன். சுத்தம் செய்து ஒரு வருடம் வரை மூலை வெளுப்பாகவே இருந்தது. அப்புறம் மறுபடி ஒரு புள்ளி வந்தது. இந்த மாதப் படத்தில் அது ஐந்து ரூபாய் நாணயத்தைத் தாண்டவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.